வருஷத்தின் ருசி

வருஷங்களுக்குப் பெயர் சூட்டி அழைக்கும் வழக்கம் நம்முடையது. பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது பெயர்கள். சக்கரம் ஒரு முறை சுற்றி முடிந்தால் மறுபடியும் பிரபவ. சித்திரை முதல் நாளன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிப்பவர், இந்த வருஷத்துக்கு ராஜா இன்னார், மந்திரி இன்னார், மழை இத்தனை மரக்கால், அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று வாசித்துக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருக்கும் குடியானவர்கள், பூமியின் பங்கு வருகிற இடத்தில் மட்டும் சற்றுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

நாம் வருஷம் பிறக்கும்போதே அதன் பலனைச் சொல்லி விடுகிறோம். பிரெஞ்சு தேசத்தார் அவ்வளவு அவசரப்படுகிறவர்கள் அல்லர். வருஷம் முடிந்து, திராட்சைக் குலைகளை அறுத்து, சாற்றைப் பிழிந்து, நுரைக்க வைத்து, மரப்பீப்பாயில் அடைத்து, பிறகு வாயில் விட்டுப் பார்த்துத்தான் அவர்கள் பலன் சொல்வார்கள். அந்த வருஷத்தின் எண்ணைப் புட்டியின் மீது அச்சிட்டும் விடுவார்கள். ஒரே தோட்டம், ஒரே கொடி, ஒரே ஆளின் கைப்பக்குவம். ஆனால் ஒரு வருஷத்துச் சரக்கு பொன் விலைக்குப் போகும், அடுத்த வருஷத்துச் சரக்கைக் கேட்பார் இரார். வித்தியாசம் வானத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலர் புருவத்தை நெரிப்பது எனக்குத் தெரிகிறது. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். எங்கள் மோகனூர் அப்பொழுது அந்த ஜில்லாவைச் சேர்ந்த ஊர். இந்த மண்ணிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திராட்சை மதுவைப் பற்றி எழுதப் புகுவதா என்று கேட்கலாம். நான் சொல்ல வந்தது கிண்ணத்தைப் பற்றி அல்ல; கொடியைப் பற்றி. ஒரு வருஷத்து வெயிலும் மழையும் பனியும் எப்படி ஒரு பழத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பதையும், அதனால் உண்டாகும் லாப நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பதையும் பற்றி. குடிக்காதவர்களும் தெரிந்துகொள்ளத் தக்க விஷயம் இது.

வருஷத்தைக் கொண்டு மதுவை மதிக்கும் வழக்கம் ரோமாபுரிக் காலத்திலேயே இருந்தது. கி.மு. 121-இல் ஒபீமியஸ் என்பவர் அங்கே கான்ஸல் பதவியில் இருந்தார். ரோமானியர் வருஷத்தைக் கான்ஸலின் பெயரால் குறிப்பவர்கள். அந்த வருஷம் வெயில் மிக நேர்த்தியாகக் காய்ந்து, இத்தாலியின் திராட்சை முழுவதும் அபாரமாகப் பழுத்ததாம். சுமார் இருநூறு வருஷங்களுக்குப் பிற்பாடு எழுதிய பிளினி, ஒபீமியஸ் மது இன்னும் சிறிது மிச்சமிருக்கிறதென்றும், அது தேனைப் போல் இறுகிவிட்டதென்றும் சொல்கிறார். ஒபீமியஸ் என்ன சட்டம் செய்தார், யாரை எதிர்த்தார் என்பதெல்லாம் சரித்திரம் படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர் காலத்து வெயில்தான் அவர் பெயரைச் சாமானிய ஜனங்களிடம் காப்பாற்றியது!

இந்த ரோமாபுரி மது நமக்கு அந்நியமானதும் அன்று. யவனர் கப்பலில் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டைத் தோண்டியபொழுது, மது கொணர்ந்த இரட்டைப் பிடி ஜாடிகளின் துண்டுகள் வெளிப்பட்டன. எங்கள் ஊருக்கு எதிரே காவிரியைத் தாண்டிச் சென்றால் கரூர். அங்கே ரோமானிய நாணயங்கள் ஏராளமாய்க் கிடைத்திருக்கின்றன. இத்தாலியில் ஏதோ ஒரு நல்ல வருஷத்தில் காய்ந்த வெயிலைச் சேர நாட்டு மன்னன் ஒருவன் பொற்கிண்ணத்தில் ஊற்றிப் பருகியிருக்கலாம் என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

* * *

இனி வானம் பழத்துக்குள் புகும் வழியைப் பார்ப்போம்.

குளிர் நாட்டில் திராட்சைக் கொடி மாரிக்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் கண் விழித்துத் துளிர் விடும். முதல் கண்டம் அப்பொழுதே காத்திருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஓரிரவு உறைபனி விழுந்தால், துளிரெல்லாம் காலையில் கருகி நிற்கும். 2021 ஏப்ரலில் பிரெஞ்சு தேசத்தில் அப்படித்தான் நடந்தது. குடியானவர்கள் வரிசை வரிசையாகத் தோட்டங்களில் தீபங்களை ஏற்றி வைத்து, இரவு முழுவதும் விழித்திருந்து, கொடிகளுக்குக் குளிர் காயச் செய்தார்கள். படத்தில் பார்த்தவர்கள் திருக்கார்த்திகை என்றே எண்ணியிருப்பார்கள். ஆயினும் அந்த வருஷத்து மகசூல் வெகுவாகக் குறைந்து போயிற்று.

அடுத்த கண்டம் பூக்கும் சமயம். ஜூன் மாதத்தை ஒட்டிப் பூ வரும்போது மழையும் குளிரும் சேர்ந்துகொண்டால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். நம் மாமரம் பூத்திருக்கையில் மூடுபனி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூவிலிருந்து அறுவடைக்குச் சுமார் நூறு நாள். இந்த நூறு நாளில்தான் வருஷத்தின் ருசி தீர்மானமாகிறது. இலை வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. சர்க்கரை பழத்தில் வந்து சேருகிறது. அதே சமயம், பிஞ்சில் நிறைந்திருந்த புளிப்பு உஷ்ணத்தினால் கொஞ்சங் கொஞ்சமாகச் செலவழிகிறது. இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். இவை இரண்டும் சரியான இடத்தில் சந்திக்க வேண்டும். வெயிலே இல்லாவிட்டால் பழம் புளித்து வெளிறி நிற்கும். வெயில் மிதமிஞ்சினால் இனிப்பு மட்டும் மிஞ்சிச் சாறு சப்பென்றிருக்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிர்ச்சியும் இருந்தால் இரண்டும் காப்பாற்றப்படும். சிறிது நீர்ப் பஞ்சமும் நல்லதே. பழம் சிறுத்துத் தோல் தடிக்கும்; நிறமும் மணமும் தோலில் அல்லவா இருக்கின்றன?

கடைசிக் கண்டம் அறுவடை வாசலில் நிற்கிறது. பழுத்த சமயத்தில் பெருமழை பெய்தால் வேர் நீரை உறிஞ்சும், பழம் ஊதும், சாறு நீர்த்துப் போகும், தோல் வெடிக்கும், வெடித்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்குப் பயந்து முன்னாடியே பறித்துவிடலாமே என்றால் அதுவும் இயலாது. மாங்காயையும் வாழைத் தாரையும் பறித்துப் பழுக்க வைக்கலாம். திராட்சை பறித்த பின் பழுக்காது; பறித்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான். ஆகையால் ஒரு வருஷத்துப் பிரயாசை முழுவதும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து முடிகிறது: இன்று பறிப்பதா, இன்னும் நான்கு நாள் பொறுப்பதா?

ஆனால் வானத்தின் வேடிக்கையைப் பாருங்கள். சாதாரணமாகப் பழத்தைக் கெடுக்கும் அந்தப் பூஞ்சணமே ஓரிடத்தில் பொன் விளைவிக்கிறது. போர்டோ பிரதேசத்தில் ஸோதேர்ன் என்று ஒரு பகுதி. அங்கே குளிர்ந்த சிரோன் நதி, சற்றே வெதுவெதுப்பான கரோன் நதியில் வந்து கலக்கிறது. கூடும் இடத்தில் இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி எழும். மத்தியானம் வெயில் அடித்துப் பனியை ஓட்டிவிடும். காலைப் பனியில் வளர்ந்த பூஞ்சணம் பழத்தின் தோலைத் துளைக்கிறது. மத்தியான வெயிலில் நீர் வற்றிப் பழம் தேன் போலாகிறது. மத்தியான வெயில் வராத வருஷத்தில் அது வெறும் அழுகல்தான். இகேம் என்னும் புகழ்பெற்ற தோட்டத்தார், 2012-ஆம் வருஷத்துச் சரக்கு தங்கள் பெயருக்குத் தகாது என்று கருதி, ஒரு புட்டிகூட வெளியிடவில்லை. கெட்ட வருஷத்தை ஒப்புக்கொண்டு கதவைச் சாத்துவதற்கு மானம் மட்டும் போதாது, பணமும் வேண்டும்! சிறு குடியானவனுக்கு அந்தப் பாக்கியம் உண்டா?

* * *

வருஷங்களின் சரித்திரத்தில் இரண்டொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1811-இல் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. அந்த வருஷத்துத் திராட்சை மிக உயர்வாக அமைந்தது. நாம் வால்நட்சத்திரத்தைக் கண்டு நடுங்குவோம். பிரெஞ்சுக்காரர்களோ அதன் பெயரைப் புட்டியில் ஒட்டி விற்றார்கள். 1945-இல் மகாயுத்தம் ஓய்ந்தது. அந்த மே மாதத்தில் விழுந்த உறைபனி போர்டோ தோட்டங்களில் மகசூலைப் பெரிதும் குறைத்துவிட்டது. பிறகு வந்த கோடை, மிஞ்சிய கொஞ்சப் பழத்தை அற்புதமாய்ப் பழுக்க வைத்தது. அளவில் ஏழை; குணத்தில் அரசன்.

இவற்றுக்கு நேர்மாறான வருஷம் 1816. முந்தின வருஷம் ஏப்ரலில், ஜாவாவுக்குக் கிழக்கே தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் தூசியும் புகையும் உலகத்தைச் சுற்றிக்கொண்டு சூரியனை மறைத்தன. ஐரோப்பாவில் அந்த வருஷம் கோடையே வரவில்லை. திராட்சை அறுவடை மிகப் பிந்தியது, பழம் புளித்தது, கோதுமை முளைத்துக் கெட்டது, ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். நம் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 1816-17 தாது வருஷம்!

தாது என்றதும் சேலம் ஜில்லாக்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அறுபது வருஷம் கழித்து, 1876-77-இல் மறுபடியும் தாது வந்தது. மழை பொய்த்தது, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள், சேலம் ஜில்லா மிகக் கொடிய அடிபட்ட பிரதேசங்களுள் ஒன்று. தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் இன்றைக்கும் கிழவிகளின் வாயில் வழங்குகிறது. ஆனால் பெயரின் மேல் பழி போட வேண்டாம். 1936-லும் 1996-லும் தாது வந்தது. அப்படி ஒரு பஞ்சம் வரவில்லை. பெயர் திரும்பி வருவதால் மழை திரும்பி வராது. பெயரால் மழை தப்பிப் போவதும் இல்லை. வானத்தை அறிய வேறு வழி வேண்டும்.

அந்த வழியைத் திராட்சைக்காரர்களே தற்செயலாகக் காட்டிவிட்டார்கள். பிரெஞ்சு தேசத்தில் போன் என்று ஒரு பட்டணம். அங்கே ஒவ்வொரு வருஷமும் எந்தத் தேதியில் திராட்சை அறுவடை ஆரம்பித்தது என்ற குறிப்பு 1354-ஆம் வருஷத்திலிருந்து கிடைக்கிறது. கூலிக் கணக்கு, நகரசபைத் தீர்மானம், பிற்காலத்தில் பத்திரிகைச் செய்தி என்று பல ஏடுகளிலிருந்து திரட்டி, 2018 வரையில் ஒழுங்குபடுத்தி, 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 664 வருஷத்துக் கணக்கு! உஷ்ணமானி என்ற கருவி பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, திராட்சைக் கொடி உஷ்ணமானியாக வேலை செய்திருக்கிறது. அந்தக் கணக்கு சொல்வது இது: 1354 முதல் 1987 வரையில் அறுவடை சராசரியாக செப்டம்பர் 28-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிற்று; 1988-க்குப் பிறகு சராசரியாகப் பதின்மூன்று நாள் முந்திவிட்டது. பூமி சூடேறுகிறதா இல்லையா என்று மேடைகளில் வாதாடுவோர் இருக்கலாம். கொடிக்குச் சந்தேகம் இல்லை.

* * *

நம் தேசத்துக் கொடியின் ஜாதகம் வேறு. இங்கே மாரிக்கால உறக்கம் கிடையாது. கவாத்துக் கத்திதான் கொடிக்கு வசந்தம். என்றைக்குக் கவாத்துச் செய்கிறோமோ அன்றையிலிருந்து கொடிக்கு வருஷம் பிறக்கிறது. ஆகவே நம் குடியானவன் பருவத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வரம் என்று தோன்றும். ஆனால் தவறான நாளைத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பும் அவனுடையதே.

மகாராஷ்டிரத்தில் நாசிக் பிரதேசத்தார் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்துச் செய்து ஒரே அறுவடை காண்கிறார்கள். ஏப்ரலில் ஒன்று, கொடியைப் பலப்படுத்த. பருவமழை ஓய்ந்த பின் அக்டோபரை ஒட்டி ஒன்று, காய்க்க வைக்க. குளிர் காலத்தில் காய் திரண்டு, ஜனவரியிலிருந்து கோடை முற்றுவதற்குள் அறுவடை முடிகிறது. பிரெஞ்சுக் கொடி வெயிலிலிருந்து குளிரை நோக்கிப் பழுக்கிறது. நம் கொடி குளிரிலிருந்து வெயிலை நோக்கிப் பழுக்கிறது. மழையில்லாத மாதங்களைப் பார்த்து வகுத்த இந்தத் திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் 2014 பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் அங்கே காலமல்லாக் காலத்தில் கல்மழை பெய்தது. நாலைந்து மாதம் காத்த குலைகள் அரை மணி நேரத்தில் தரையில் கிடந்தன.

நம் தமிழ்நாட்டில் திராட்சைக்கு வீடு கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், குளிருக்குப் பயந்து கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்து உண்டாக்கிய இனம் அது. கண்ணாடி வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு நம் தேனி ஜில்லா வெட்டவெளியிலேயே சுகமாய் அமைந்துவிட்டது. மேற்கே மலைத்தொடர் தென்மேற்கு மழையைத் தடுத்துக் காற்றை மட்டும் அனுப்புகிறது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணை மலைக்கு அப்பால் பெய்த மழையைத் தண்ணீராக இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. மழை அங்கே, தண்ணீர் இங்கே. திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பந்தலில் படர்ந்த கொடிகள் வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்கின்றன. ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்பொழுதும் குலை இருக்கும். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் உண்ணவும் சாறு பிழியவுமே போகிறது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வரும் அடைமழையை மலை தடுக்காது. அப்பொழுது இலையின் அடியில் சாம்பல் பூத்தாற்போல் நோய் வரும்; பழம் வெடிக்கும்; வியாபாரி விலையைக் குறைப்பார். இந்த அடிச்சாம்பல் நோய்க்கு நம்மவர் தெளிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்துக்குப் போர்டோ கலவை என்று பெயர். அதன் கதையும் சுவையானது. போர்டோ பக்கத்தில் சாலையோரக் கொடிகளிலிருந்து வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்க, விஷம்போல் தோன்றும்படி துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்களாம். 1882-இல் மில்லார்தே என்ற பேராசிரியர், சாலையோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார். 1885-இல் மருந்தை உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்கு ஆயிற்று! கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையில் நடப்பதும் ஒரு சாஸ்திரந்தான்.

* * *

மோகனூரில் திராட்சைத் தோட்டத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். இங்கே வாய்க்கால் பாசனம்; ஜேடர்பாளையத்திலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. வாழை, வெற்றிலை, கோரை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கரும்பு. 1960-களிலிருந்து சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரவைப் பருவத்தில் காற்றே இனிக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரன் திராட்சையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எங்கள் ஊர்க் குடியானவர் கரும்பைப் பற்றிச் சொல்ல முடியும்.

கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். உஷ்ணமும் ஈரமும் இருக்கும் வரையில் அது வளருவதிலேயே கருத்தாயிருக்கும். செய்த சர்க்கரையையெல்லாம் வளர்ச்சிக்கே செலவழிக்கும். இளம் வயதில் சம்பாதித்ததைச் சேமிப்பவர் யார்? தண்ணீர் குறைந்து, வானம் தெளிந்து, மார்கழி, தை இரவுகளில் குளிர் இறங்கும்போதுதான் வளர்ச்சி நின்று, தண்டில் சர்க்கரை சேருகிறது. இதை அறிந்தே வெட்டுக்கு முன் தண்ணீர் கட்டுவதை நிறுத்துகிறார்கள். அந்தச் சமயம் பெருமழை பெய்தால் கரும்பு மறுபடியும் வளரத் தொடங்கும். சேர்த்த சர்க்கரை கரையும். காற்றடித்துச் சாய்ந்தாலோ, கணுவில் முளைத்துக் கெடும். வெட்டிய பின் வெயிலில் கிடந்தால், சர்க்கரை உடைந்து பாகாகவே நின்றுவிடும், கட்டியாகாது. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் காய்ச்சி அனுப்புகிறவர்களைக் கேளுங்கள்; நல்ல பனிக்காலத்து வெல்லத்துக்கும் மழைக்காலத்து வெல்லத்துக்கும் உள்ள பேதத்தை அச்சைத் தட்டும்போதே சொல்லிவிடுவார்கள்.

திராட்சைத் தோட்டத்தில் சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் சிறு கருவி ஒன்று உண்டு. இனிப்பு எத்தனை பிரிக்ஸ் என்று அது காட்டும். அதே கருவியைத்தான் கரும்புக் காட்டிலும் வைத்துப் பார்க்கிறார்கள். கரும்பின் அடிக் கணுவிலும் நுனிக் கணுவிலும் இனிப்பு ஏறக்குறையச் சமமாகிவிட்டால், பயிர் முதிர்ந்தது என்று அர்த்தம். கருவி ஒன்று; சாஸ்திரம் ஒன்று; வானம் ஒன்று. வித்தியாசமெல்லாம் கணக்கு எழுதுகிற இடத்தில்தான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். நூறு பங்கு கரும்பில் எத்தனை பங்கு சர்க்கரை எடுத்தார்கள் என்பதற்குச் சர்க்கரைக் கட்டுமானம் என்று பெயர். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு கூடும். கீழே போனால் அதே கணக்கில் குறையும். 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைப்பு நின்று, 3,290 ரூபாய் 50 காசு என்று ஒரு கீழ்ப்படி இருக்கிறது. இரண்டுக்கும் பேதம் டன்னுக்கு 259 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 40 டன் வெட்டும் குடியானவருக்கு 10,380 ரூபாய். ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்துப் படிப்புச் செலவு அதில் அடங்கிவிடும்.

குளிர்ந்த வறண்ட பனிக்காலமுள்ள மகாராஷ்டிரத்தில் கட்டுமானம் உயர்ந்து நிற்கிறது. கரும்பு முதிரும் சமயத்தில் அடைமழை பெறும் நம் மாநிலத்தின் ஆலைகள் பலவற்றுக்குக் கீழ்ப்படிதான் பழகிய இடம். கரும்பின் இனமும், வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடப்பதும் காரணங்களே. அவற்றை மனிதர் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். 1912-இல் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் மணம் செய்வித்து, இந்தியா முழுவதற்கும் புது இனங்களைத் தந்தார்கள். கோயமுத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அந்த ஊர்ச் சீதோஷ்ணத்தில்தான் கரும்பு நன்றாகப் பூத்து, முளைக்கும் விதை தருகிறது. வானம் நமக்குக் கொடுத்ததும் உண்டு. எடுத்துக்கொண்டதை மட்டும் எண்ணுவது நியாயமன்று.

ஆனால் ஒன்று மனத்தை உறுத்துகிறது. போர்டோக்காரனின் நல்ல வருஷம் அவன் பெயரோடு புட்டியில் ஏறுகிறது. நம் குடியானவரின் நல்ல வருஷம் எங்கே ஏறுகிறது? நூற்றுக்கணக்கான பேருடைய கரும்பு ஒரே ஆலையில் விழுகிறது. வெளிவருவது ஒரே கட்டுமானம். நேரத்தில் தண்ணீரை நிறுத்தி, சோகை உரித்து, முதிர்ச்சி பார்த்து வெட்டியவருக்கும் அதே எண். நிறை கூடட்டும் என்று முந்தின வாரம் தண்ணீர் கட்டியவருக்கும் அதே எண். நல்ல வருஷத்தின் புகழ் ஒருவருக்கும் இல்லை. கெட்ட வருஷத்தின் நஷ்டம் எல்லாருக்கும் உண்டு. கம்பத்துத் திராட்சைக்காரர் நிலையும் இதுவே. அவருடைய பழத்துக்குக் குறியீடு கிடைத்தது. மழை பெய்த மறுநாள் சந்தையில் விலை கேட்பவர் குறியீட்டைப் பார்ப்பதில்லை, வெடிப்பைப் பார்க்கிறார்.

இதற்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று சொல்லலாம். 2016 முதல் நடந்து வரும் வானிலை சார்ந்த காப்பீட்டில், நஷ்டத்தை நிர்ணயிப்பது குடியானவரின் கண்ணீர் அல்ல. அவர் நிலத்துக்கென்று குறித்த வானிலை நிலையத்தின் அளவு. அந்த நிலையம் சில மைல் தூரத்தில் இருக்கலாம். கோடை மழையின் குணம் நமக்குத் தெரியும்: ஆற்றுக்கு இந்தக் கரையில் கொட்டும், அந்தக் கரையில் புழுதி பறக்கும். அளக்காத மழை காகிதத்தைப் பொறுத்தவரையில் பெய்யாத மழை. அளவு இல்லாத கிராமத்தின் வழக்குக்குச் சாட்சி இல்லை.

ஆகவே வாசகர்கள் முன் ஒரு சிறு யோசனையை வைக்கிறேன். போன் பட்டணத்தார் பெரிய சாஸ்திரம் எதுவும் செய்யவில்லை. அறுவடை ஆரம்பித்த தேதியை எழுதி வைத்தார்கள், அப்பன் எழுதியதைப் பிள்ளை தொடர்ந்தான், அவ்வளவே. நம் கிராமங்களில் பள்ளிக்கூடம் இல்லாத இடம் அபூர்வம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானி, ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம். காலையில் மணி அடிக்குமுன் ஒரு மாணவன் மழையை அளந்து மில்லிமீட்டரில் எழுதட்டும். மாமரம் பூத்த தேதி, ஆடிக் காற்றில் வாழை சாய்ந்த தேதி, வாய்க்காலில் தண்ணீர் விட்ட தேதி, முதல் கரும்பு வண்டி ஆலைக்குப் போன தேதி, அந்தப் பருவத்துக் கட்டுமானம்; இவ்வளவும் அதில் ஏறட்டும். வாத்தியார் மாற்றலாகிப் போனால் நோட்டுப் புத்தகம் கூடப் போகக் கூடாது. அது ஊரின் சொத்து.

இதனால் அடுத்த வருஷமே மழை ஒழுங்காகப் பெய்துவிடாது. ஆனால் பத்து வருஷத்தில், எந்த மாதம் நட்ட கரும்பு எந்த மழையில் அடிபடுகிறது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். நடவு நாளைச் சற்றே முன்பின்னாக்கலாம். இருபது வருஷத்தில், காப்பீட்டு அதிகாரியிடம் வாய்ப்பேச்சாகச் சொல்வதைத் தேதியோடும் அளவோடும் சொல்லலாம். ஐம்பது வருஷத்தில், பூமி சூடேறுவது மோகனூரில் எத்தனை நாள் கணக்கு என்பதை நம் பேரப்பிள்ளைகள் பாரிஸிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிராது.

தாது வருஷத்துக்கு நம்மிடம் பெயர் இருந்தது. கும்மிப் பாட்டு இருந்தது. எங்கள் ஊரில் அந்த வருஷம் மழை எத்தனை நாள் பெய்தது, எந்த வாரத்தில் கிணறு வற்றிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஏடு இல்லை. வருஷத்துக்குப் பெயர் வைப்பதை நம் முன்னோர் முடித்துவிட்டார்கள். அதற்குக் கணக்கு வைப்பது நம் காரியம். வருகிற சித்திரை முதல் நாள், பஞ்சாங்கம் படித்து முடிந்த பிறகு, அந்தப் புதிய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வருஷத்தின் பெயரை எழுதி ஆரம்பிக்கலாம். மழைமானியின் விலை ஒன்றும் அதிகமில்லை.